2207-ஐப் பார்க்கவும்

அலுவலகத்தில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். யார் வைத்த பெயர் என்று யாருக்கும் ஞாபகமில்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது.

ஏழு பேர் சேர்ந்து ஒரு லினக்ஸ் இயங்குதளம் செய்து, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று கொடுத்துக்கொண்டிருந்த இடம் அது. வாங்கிக்கொண்ட ஜனம் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. யோசனை சொன்னது. அந்த யோசனைகளைப் படித்து நறுக்குவதுதான் கத்தரியின் வேலை.

யோசனை சொல்வதற்கென்றே இணையத்தில் ஒரு பலகை வைத்திருந்தார்கள். ஒருவருக்குச் சுட்டியின் அம்புக்குறி இன்னும் கொஞ்சம் அன்பாக இருக்க வேண்டுமாம். இன்னொருவர் கணினியை அணைக்கும்போது அது நன்றி சொன்னால் நன்றாக இருக்கும் என்றார். 'எல்லாவற்றையும் எளிமையாக்குங்கள்' என்று மாதம் தவறாமல் ஒரே வரி எழுதிவிட்டு, ஊருக்கே நல்லது செய்த திருப்தியோடு ஒருவர் போய்விடுவார். வேறொருவர், இதைச் சரிசெய்யாவிட்டால் வேறு இயங்குதளத்துக்கு மாறிவிடுவேன் என்று ஏழு வருடமாக மிரட்டிக்கொண்டிருந்தார். மாறுகிற வழியாகத் தெரியவில்லை. போய்த் தொலைந்தால் அலுவலகத்தில் கேக் வெட்டலாம் என்று கத்தரி நினைத்ததுண்டு.

பதில்களை அவள் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்வதில்லை. ஆறு பதில்களைத் தயாராக ஆறு விசைகளில் ஏற்றிவைத்திருந்தாள். 'நன்றி, பரிசீலிக்கிறோம்' என்று ஒன்று. யாரும் பரிசீலிக்கப் போவதில்லை என்று அர்த்தம். 'இது பிழை அல்ல, வடிவமைப்பே அப்படித்தான்' என்று ஒன்று. 'கையேட்டின் நான்காம் பகுதியைப் படிக்கவும்' என்று ஒன்று. நான்காம் பகுதியை இதுவரை யாரும் எழுதவில்லை. அவளுக்கு மிகவும் பிடித்தது ஆறாவது. 'இதே யோசனை ஏற்கெனவே உள்ளது. எண் இன்னதைப் பார்க்கவும்.' ஒரு தட்டு தட்டினால் ஆள் அடுத்த வீட்டு வாசலுக்குப் போய்விடுவார்.

அந்த மாதம் முதல் தேதி தலைவர் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். "சனிக்கிழமை புதுப் பதிப்பு வருது. வெள்ளி சாயங்காலத்துக்குள்ள பலகை பூஜ்யம் ஆகணும். திறந்த யோசனை ஒண்ணுகூட இருக்கக் கூடாது. ஆக்கிட்டேன்னா வடிவமைப்புப் பொறுப்பு உனக்கு. மூலை அறையும் உனக்கு."

பொறுப்பு அவள் காதில் விழவில்லை. மூலை அறைதான் விழுந்தது. அந்த அலுவலகத்தில் கதவு உள்ள அறை அது ஒன்றுதான். மற்றவர்கள் ஒரு நீளமான மேசையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் முதுகுக்குப் பின்னால் ஐகான்காரன். குட்டிக்குட்டிப் படங்கள் வரைவதுதான் அவன் வேலை. வரையும்போதெல்லாம் மூக்கால் பாடுவான். ஒரே பாட்டு, அதிலும் முதல் இரண்டு வரி. வீட்டிலும் அவளுக்குக் கதவு இல்லை. அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணனின் இரண்டு பெண்களுக்கு நடுவில் படுக்கை. பெரியவள் தூக்கத்தில் உதைப்பாள். சின்னவள் விழித்துக்கொண்டு உதைப்பாள். முப்பத்து மூன்று வயதில் ஒரு கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார வேண்டும் என்பது அவளுக்கு ஆசையாக இல்லை, தாகமாக இருந்தது.

வியாழக்கிழமை காலையில் அண்ணி அடுப்படியிலிருந்தே கேட்டாள். அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. மூச்சை அடக்கு, அசையாதே என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அதே தொனிதான்.

"இன்னைக்கு எத்தனை தலை உருளுது?"

"அறுபத்தொண்ணு பாக்கி, அண்ணி."

"நான்கூட உன் லினக்ஸுக்கு ஒரு யோசனை வெச்சிருக்கேன்."

"பலகைல எழுதிப் போடுங்க."

"போட்டா?"

"வெட்டிடுவேன்."

"பாத்தீங்களா உங்க தங்கச்சிய," என்றாள் அண்ணி. அண்ணன் ஷூவுக்குள் காலைத் திணித்துக்கொண்டே, "கூடப் பொறந்தவனுக்கே சலுகை கிடையாது. நகல் முடிஞ்சா அடிக்கற அந்த மணி சத்தத்தைக் குறைன்னு நான் கேட்டு மூணு வருஷம் ஆச்சு," என்றான்.

"அது வடிவமைப்பு."

"எது, காதைக் கிழிக்கறதா?"

வியாழன் மதியத்துக்குள் அறுபதை முடித்துவிட்டாள். மீதி ஒன்று. எண் 2207. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பல்லைக் கடிக்க வேண்டும் போலிருந்தது. ஏனென்றால் அது பல்லி.

பல்லி என்பது அவள் வைத்த பெயர். அந்த ஆள் ஒரு நில அளவையாளர். நாலு வருடமாகச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார். மூடினால் திறப்பார். திட்ட மாட்டார், மிரட்ட மாட்டார். 'மதிப்பிற்குரிய குழுவினருக்கு' என்று தொடங்கி, ஒன்று, இரண்டு என்று எண் போட்டு, முக்கால் பக்கம் எழுதுவார். முற்றுப்புள்ளிக்குப் பின்னால் சரியாக இரண்டு இடம் விடுவார். இப்படிப்பட்ட மனிதர்களைக் கத்தரிக்குச் சகிக்காது. கத்துகிறவனைக் கேலி செய்யலாம். இவரை என்ன செய்வது?

அவர் கேட்டது இதுதான். கணினியிலிருந்து பென் டிரைவுக்கு ஒரு பெரிய கோப்பை நகலெடுக்கும்போது, பட்டை முழுதாக நிரம்பி, 'முடிந்தது' என்று திரையில் வருகிறது. ஆனால் உண்மையில் முடியவில்லை. கணினி அந்தக் கோப்பைத் தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு முடிந்தது என்று சொல்லிவிட்டு, அதன்பிறகு சாவகாசமாகப் பென் டிரைவில் எழுதுகிறது. அதற்குள் பிடுங்கினால் உள்ளே ஒன்றும் இருக்காது. ஆகவே, முடியும்வரை முடிந்தது என்று சொல்ல வேண்டாம்.

முதல் தடவை எழுதியபோது காரணமும் எழுதியிருந்தார். இரண்டு சகோதரர்களின் நிலத்தை மூன்று நாள் அளந்து, கோப்பைப் பென் டிரைவில் போட்டுப் பதிவு அலுவலகத்துக்கு எடுத்துப்போயிருக்கிறார். அங்கே திறந்தால் வெற்றுக் கோப்பு. தம்பியிடம் பணம் வாங்கிக்கொண்டு அழித்துவிட்டார் என்று அண்ணன்காரர் அங்கேயே சத்தம் போட்டிருக்கிறார். விசாரணை வைத்து, ஐந்து மாதம் வேலை கொடுக்காமல் உட்கார வைத்திருக்கிறார்கள்.

அவசரக்காரனை நிலம் அளக்க விட்டது யார் தப்பு என்று கத்தரி அன்றைக்கு நினைத்தாள். நினைத்துவிட்டு முதல் விசையைத் தட்டினாள். பிறகு வந்தவற்றை அவள் படிக்கவே இல்லை. 'மதிப்பிற்குரிய' என்று பார்த்ததுமே விரல் ஆறாவது விசைக்குப் போய்விடும்.

வியாழன் மதியமும் விரல் அங்கேதான் போனது. மூடினாள். பலகையில் பெரிய பூஜ்யம் வந்தது. ஐகான்காரன் பாட்டை நிறுத்திவிட்டுக் கை தட்டினான். அவன் தட்டி முடிப்பதற்குள் பூஜ்யம் ஒன்றாகிவிட்டது.

"பல்லி சொல்லிடுச்சு, அக்கா," என்றான்.

தலைவர் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். நாற்பது வயதில் நரைத்துப்போய், அதை அறிவின் அடையாளமாக நினைத்துக்கொண்டிருந்தவர். "என்னவாம்?"

"நாளைக்கு நேர்ல வர்றாராம், சார்." கடைசி வரியில் அது இருந்தது. கண்ணில் பட்டுவிட்டது. வெள்ளிக்கிழமை மதியம் பயனர்கள் அலுவலகத்துக்கு வரலாம் என்று பலகையின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். அழகுக்காகப் போட்டது. யாரும் வந்ததில்லை.

"வரட்டும்," என்றார் தலைவர். "உக்கார வெச்சு, எப்படிப் பிடுங்கறதுன்னு எல்.கே.ஜி. பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லிக் குடு. அவர் கையாலேயே மூட வெச்சு அனுப்பிடுவோம்."

"பல்லிக்கு நாற்காலி போடணுமா, சுவரே போதுமா?" என்று கேட்டாள் சோதனைக்காரி, கடைசி இருக்கையிலிருந்து. புதுப் பதிப்பைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. அவள் அதிகம் பேச மாட்டாள். அன்றைக்கு அவளே பேசியதில் எல்லோரும் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணி என்று எழுதியிருந்தார். இரண்டு மணிக்கு வந்தார். ஒல்லியான ஆள், ஐம்பது இருக்கும். ஷூவைத் துடைத்திருந்தார், தையலில் மட்டும் மண் காய்ந்து நின்றது. அளவைக் கருவி வைக்கிற பையில் மடிக்கணினியைக் கொண்டுவந்திருந்தார். தேநீர் வேண்டாம் என்றார். கத்தரியின் மேசையில் கோணலாகக் கிடந்த பேனாவை விரல் நுனியால் நேராக்கினார். எழுத்தில் எப்படியோ ஆளும் அப்படியே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், பென் டிரைவை எடுக்கறதுக்கு ஒரு முறை இருக்கு," என்று ஆரம்பித்தாள். 'சார்' என்பதை இரண்டு மடங்கு நீட்டினாள்.

"தெரியும்மா. அதைப் பத்திப் பேச வரலை." அவர் குரல் தாழ்வாக, ஒரே மட்டமாக இருந்தது. "ஒரே ஒரு உதவி. இதுல ஒரு கோப்பு இருக்கு, பெருசு. இந்தப் பென் டிரைவுல ஏத்தி என் கைல குடுங்க. அவ்வளவுதான். நீங்க தினம் செய்யற மாதிரி செய்யுங்க."

இதற்காகவா இவ்வளவு தூரம் என்பதுபோல் அவள் ஐகான்காரனைப் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டு சிரித்தான். பென் டிரைவைச் செருகினாள். கோப்பை இழுத்துப் போட்டாள். பட்டை நிரம்பியது. அண்ணனுக்குப் பிடிக்காத அந்த மணி அடித்தது. 'முடிந்தது' என்று பச்சை எழுத்து வந்தது.

அவள் கை தானாகத் திரையில் கட்டளை எழுதுகிற கறுப்புச் சன்னலைத் திறந்து நான்கெழுத்துக் கட்டளை ஒன்றை அடித்தது. நினைவகத்தில் தேங்கியதையெல்லாம் எழுதி முடி என்று கணினிக்குச் சொல்கிற கட்டளை. பிறகு மோதிர விரலால் மேசையைத் தட்டிக்கொண்டே பென் டிரைவின் நுனியில் மினுக்கும் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு நின்றது. உருவி அவர் கையில் கொடுத்தாள்.

அவர் மற்றக் கையைத் திறந்தார். அதில் ஒரு நிறுத்துக் கடிகாரம் இருந்தது.

"நாப்பத்தெட்டு விநாடி," என்றார்.

"எது?"

"முடிஞ்சதுன்னு அது சொன்னதுக்கும் நீங்க எடுத்ததுக்கும் நடுவுல." பையிலிருந்து நீளமான குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார். "இந்தத் தம்பி ஒரு தடவை செய்யறாரா?"

ஐகான்காரன் ஏதோ பந்தயம் என்று நினைத்துக்கொண்டு வந்தான். பட்டை நிரம்பியது, மணி அடித்தது, நான்கெழுத்தை அடித்தான், விளக்கைப் பார்த்துக்கொண்டு மூக்கால் தன் இரண்டு வரியைப் பாடினான். பாடி முடிக்கவும் விளக்கு நிற்கவும் சரியாக இருந்தது. அந்தப் பாட்டு ஏன் எப்போதும் இரண்டு வரியில் நின்றுவிடுகிறது என்று கத்தரிக்கு அப்போதுதான் தெரிந்தது. சோதனைக்காரி நான்கெழுத்தை அடித்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பிவந்து உருவினாள். எழுபது விநாடி.

அவர்கள் யாரும் இதை யாருக்கும் கற்றுக் கொடுத்ததில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஒரு வாரத்தில் தாமாகவே பிடித்துக்கொண்டுவிடுவார்கள். வாசலில் செருப்பை விடுகிற மாதிரி அது ஒரு பழக்கம்.

"பாதுகாப்பா வெளியேத்தறதுக்குன்னு ஒரு பொத்தானே இருக்கு," என்றார் தலைவர். அவர் எழுந்து வந்துவிட்டிருந்தார்.

"இருக்குங்க. மூணு பேர் செஞ்சாங்க. ஒருத்தரும் அதை அமுக்கலை."

தலைவர் நரைத்த தலையைத் தடவிக்கொண்டார்.

"நீங்க ஏன் எடுக்கலை?" என்று கத்தரியைக் கேட்டார் அந்த மனிதர். "முடிஞ்சதுன்னு பச்சையா எழுதிக் காட்டிச்சே. மணிகூட அடிச்சுது."

"ஏன்னா முடியலை," என்றாள். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவள் காதிலேயே விழுந்தது.

அவர் ஜெயித்த மாதிரி முகம் காட்டவில்லை. காட்டியிருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். குறிப்பேட்டில் ஒரு பக்கத்தைப் புரட்டினார். "எனக்குக் கோபமில்லை. இது யார்கிட்ட இருக்குன்னு மட்டும் சொன்னீங்கன்னா அவரைப் பாத்துட்டுப் போறேன். 2207ல, இதே யோசனை ஏற்கெனவே இருக்கு, 3150ஐப் பார்னு போட்டிருக்கு. 3150 வேற யாரோ எழுதினது. அதைத் திறந்தா, இதே யோசனை ஏற்கெனவே இருக்கு, 2207ஐப் பார்னு போட்டிருக்கு. ரெண்டு வருஷமா நான் இந்த ரெண்டு எண்ணுக்கும் நடுவுல நடந்துட்டிருக்கேன்."

"இதை முன்னாடியே எழுதியிருக்கலாமே," என்றாள் கத்தரி.

"எழுதினேன். பதினோரு தடவை. நாலாவது பத்தியில."

அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தாள். அவர் சொன்னபடியே இருந்தது. அடியில் மூடியவர் பெயர் இருந்தது. இரண்டிலும் அவள் பெயர். இன்னும் தேடினாள். இவை இரண்டும் போக, 3150-ஐப் பார்க்கவும் என்று மூடப்பட்டவை இருபத்திரண்டு, 2207-ஐப் பார்க்கவும் என்று மூடப்பட்டவை பத்தொன்பது. ஒரு குழந்தை மருத்துவர், ஒரு பள்ளிக்கூட எழுத்தர், கல்யாணப் படம் எடுக்கிற ஒருவர். 'எங்கள் ஒரே நகல்' என்று ஒன்று ஆரம்பித்தது. எல்லோரும் அந்த வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பலகையின் கணக்கில் அத்தனையும் முடிந்தவை.

தலைவர் அவளை மூலை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அந்தாள் சொல்றது சரிதான், இல்லங்கலை," என்றார். "ஆனா இதைச் சரிபண்ணினா என்ன ஆகும் தெரியுமா? பட்டை நிஜ வேகத்துல நகரும். நிஜ வேகம் ஆமை வேகம். நம்ம லினக்ஸ் மந்தம்னு மறுநாளே எழுதுவானுங்க. பூஜ்யம்னு நான் அறிவிப்பு போட்டாச்சு. 'பயனருக்குப் பயிற்சி தேவை'ன்னு போட்டு மூடு. அவர் திரும்பத் திறக்க முடியாதபடி நான் பூட்டிடறேன்."

கத்தரி அறையைச் சுற்றிப் பார்த்தாள். கதவு சாத்திய அறையில் அவள் நிற்பது அதுதான் முதல் தடவை. ஐகான்காரனின் பாட்டு கேட்கவில்லை. மின்விசிறி மட்டும் கேட்டது. ஜன்னலோரம் ஒற்றை மேசை, ஒற்றை நாற்காலி. அவள் நினைத்திருந்ததைவிட நன்றாகவே இருந்தது.

"என்னம்மா, நாலு மணிக்கு முன்னாடி முடிச்சிடுவியா?"

"பாக்கறேன், சார்."

வெளியே வந்தாள். அந்த மனிதர் பையை மடியில் வைத்துக்கொண்டு, முதுகு சாயாமல், பல் டாக்டருக்குக் காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். பாவமாக இருக்கிறதா என்று அவள் தன்னைத்தானே கேட்டுப் பார்த்தாள். இல்லை. எரிச்சலாகத்தான் இருந்தது. இதற்குள் அவளுடைய பேனா மூடியையும் தேடி மாட்டிவைத்திருந்தார்.

அவளைக் குடைந்தது வேறு. அவள் இயற்பியல் படித்தவள். ஆய்வகத்தில் விநாடியில் பத்தில் ஒரு பங்கு தவறினால்கூடத் திரும்பச் செய்தவள். ஆறு வருடமாகத் தினமும் மோதிர விரலால் அந்த நாற்பத்தெட்டு விநாடியைத் தட்டித் தட்டிக் கழித்திருக்கிறாள். எவ்வளவு என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மண் ஒட்டின ஷூவோடு ஒருவர் வந்து பத்து நிமிடத்தில் அளந்துவிட்டார். அம்புக்குறி அன்பாக இருக்கட்டும் என்று எழுதின மடையனாவது எழுதினதை நம்பினான். தன்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கத்தரி என்பது ரொம்ப மரியாதையான பெயராகத் தோன்றியது.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். 2207-ல் இருந்த 'பார்க்கவும்' வரியை நீக்கினாள். 3150-ஐயும் மற்ற நாற்பத்தொன்றையும் அதன் கீழே கொண்டுவந்து சேர்த்தாள். தலைப்பில், யோசனை என்று இருந்ததைப் பிழை என்று மாற்றினாள். பிறகு, எத்தனையோ நாளுக்கு அப்புறம், விசையைத் தொடாமல் எழுத்தெழுத்தாகத் தட்டினாள்.

'உண்மை. முடிவதற்கு முன்பே முடிந்தது என்று சொல்கிறது. இந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும், அதனால் காத்திருக்கிறோம். இரண்டு எண்களையும் ஒன்றையொன்று பார்க்கச் சொல்லி மூடியது நான்.'

அடியில் நிஜப் பெயரைப் போட்டாள். பலகையில் ஒன்று என்று நின்றது. நாலு மணிக்கும் ஒன்று. ஐந்து மணிக்கும் ஒன்று.

தலைவர் சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடுகிற ஜாதி இல்லை. பக்கத்தில் வந்து நின்று, திரையைப் படித்து, "பூஜ்யம்னா பூஜ்யம்தாம்மா," என்றார். "ஒண்ணை எப்படி நான் பூஜ்யம்னு சொல்றது?"

"சொல்ல முடியாது, சார்."

"மூலை அறையை ஐகான் தம்பிக்குக் குடுத்துடறேன். பெரிய திரை வேணும்னு ரொம்ப நாளாக் கேக்கறான்."

"குடுங்க. இனிமே கதவைச் சாத்திட்டுப் பாடட்டும்."

ஐகான்காரனுக்குச் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. "அக்கா, நான் கேக்கலை," என்றான். "தெரியும்டா, போ," என்றாள். அன்றைக்கு ராத்திரியும் இரண்டு பக்கத்திலிருந்தும் உதை வாங்கிக்கொண்டுதான் படுக்க வேண்டும். மூலை அறைக் கதவை ஒருமுறை பார்த்தாள். யாரும் பார்க்காதபடி தண்ணீர் குடித்தாள்.

இவ்வளவுக்கும் அந்த மனிதர் எழுந்திருக்கவில்லை. திரையில் அவள் எழுதியதை தலை முதல் அடி வரை ஒருமுறை படித்தார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தாள். எத்தனையாவது வரியில் நிறுத்தற்குறி விட்டுப்போயிருக்கிறது என்று சொன்னார். அப்புறம் குறிப்பேட்டிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"வந்ததே வந்தேன். இன்னும் ஒரு நாலு யோசனை இருக்கு."

அவள் பிரித்துப் படித்தாள். கடிகாரத்தில் விநாடி முள்ளுக்குத் தனி நிறம் வேண்டுமாம். கோப்புப் பெயர்களை நீளத்தின்படி வரிசைப்படுத்த வழி வேண்டுமாம். மூன்றாவது அதைவிட மோசம்.

"சார், முதல் மூணும் குப்பை," என்றாள்.

"நாலாவது?"

"அதுவும்தான்." தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "ஆனா பலகைல போடுங்க. கடைசி பத்தி வரைக்கும் படிச்சிட்டுத்தான் வெட்டுவேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்து, தேதியும் நேரமும் போட்டு, அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.